எச்சரிக்கை: தரவை வரிசைகளாக மாற்றித் தரும் சேவைகளிடம் கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்க்காதீர்கள்

எக்ஸெல் தாளில் பக்கவாட்டில் விரிந்து கிடக்கும் தரவை வரிசைகளாக மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு சேவையிடம் ஏமாந்த விவரத்தை, அதே வேலையை வெளியே கொடுக்க எண்ணுவோருக்காக எழுதுகிறேன். முழுத் தொகையையும் முன்பணமாகப் பெற்றுக்கொண்ட பிறகே அவர்கள் கோப்பைத் தொட்டார்கள்.

எங்கள் தாளில் 300 கருவிகள் வரிசைக்கு ஒன்றாகவும், 12 மாத அளவீடுகள் மாதத்துக்கு ஒரு நெடுவரிசையாகவும் இருந்தன. கருவி எண், மாதம், அளவீடு என மூன்றே நெடுவரிசைகள் கொண்ட நீண்ட பட்டியலாக அது மாற வேண்டும் என்று, மாதிரி வரிசைகளையும் நிரப்பி எழுத்து மூலம் கொடுத்திருந்தோம். வந்ததோ, மாதங்கள் கீழிறங்கி, கருவிகள் 300 நெடுவரிசைகளாக மேலேறிய தாள். நகலெடுத்து ஒட்டும்போது 'டிரான்ஸ்போஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எவருக்கும் நொடிகளில் கிடைப்பது அது. மாதிரியைச் சுட்டிக்காட்டியபோது, திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.

அந்தக் கட்டணத்தையும் கொடுத்த பிறகு வந்த பட்டியல் பார்வைக்குச் சரியாகவே இருந்தது; மொத்த அளவீடும் மூலத்தோடு பொருந்துகிறது என்பதை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். ஆனால் 300 கருவிகளுக்கு 12 மாதம் என்றால் 3,600 வரிசைகள் இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாகவே இருந்தன. எக்ஸெலில் தரவை மாற்றியமைக்க உதவும் வசதியான பவர் குவெரியில் 'அன்பிவட்' (நெடுவரிசைகளை வரிசைகளாக இறக்குவது) செய்யும்போது வெற்றுக் கட்டங்கள் எந்த எச்சரிக்கையும் இன்றி உதிர்ந்துவிடும் என்பதே காரணம். எங்களுக்கு வெற்றுக் கட்டம் என்றால் அந்த மாதம் அளவெடுக்கவில்லை என்று பொருள். அந்தத் தகவலே காணாமல் போயிருந்தது. வெற்றிடத்தால் கூட்டுத்தொகை மாறாது என்பதால், அவர்கள் காட்டிய சான்று எதையும் நிரூபிக்கவில்லை.

இதைச் சொன்னதும் அனுப்பிய கோப்பு இன்னும் மோசம். வெற்றிடங்கள் அனைத்திலும் 0 நிரம்பியிருந்தது. வெற்றுக் கட்டத்தைச் சூத்திரத்தால் சுட்டினால் எக்ஸெல் 0 என்றே தரும். அதை அப்படியே மதிப்புகளாக ஒட்டிவிட்டார்கள் போலும். இப்போதும் கூட்டுத்தொகை பொருந்தியது, வரிசைகளின் எண்ணிக்கையும் பொருந்தியது, சராசரிதான் சரிந்திருந்தது. போதாக்குறைக்கு, கோப்பு இடையில் சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் உரைக் கோப்பாக, மாறி மீண்டும் எக்ஸெலில் திறக்கப்பட்டதால், 00715 போன்ற கருவி எண்கள் முன்னிருந்த பூஜ்யங்களை இழந்து 715 ஆகியிருந்தன. எந்த முறையில் மாற்றினீர்கள், அதன் படிநிலைகளைத் தாருங்கள் என்று கேட்டதற்கு, அது தொழில் இரகசியம் என்று பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை.

இரகசியம் என்று சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. கருவி எண் நெடுவரிசையின் வகையை உரை என்று அமைத்து, வெற்றிடங்களில் தரவில் வேறெங்கும் வராத ஓர் அடையாளத்தை இட்டு, கருவி எண்ணைத் தேர்ந்தெடுத்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்து, பிறகு அடையாளத்தை நீக்கி மீண்டும் வெற்றிடமாக்கினால் போதும். எக்ஸெல் 2016 முதல் பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது. அடுத்த மாதத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்ந்தாலும், புதுப்பித்தால் அதுவும் பட்டியலில் வந்துவிடும்; அதன் வெற்றிடங்களும் உதிராமலிருக்க, அடையாளம் இடும் படிநிலையில் அந்த நெடுவரிசையையும் சேர்த்துவிடுங்கள்.

அப்படியும் வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வெற்றிடமும், உண்மையான பூஜ்யமும், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணும், 03/04 போல நாளும் மாதமும் இடம்மாறக்கூடிய தேதியும் உள்ள ஒரு சிறு பகுதியை முதலில் மாற்றித் தரச் சொல்லுங்கள். வரிசைகளின் எண்ணிக்கை, வெற்றிடங்களின் எண்ணிக்கை, சராசரி ஆகிய மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். படிநிலைகள் உள்ள கோப்பைத் தர மறுப்பவரிடம் முன்பணமே வேண்டாம்.