கண் சிவந்தால் பாமசியில் கேட்டு மருந்து வாங்காதீங்க: திருகோணமலையில் எனக்கு நடந்தது

போன ஆனி மாதம், கச்சான் அடித்துக்கொண்டிருந்த நேரம். திருமலைக்காரருக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, உப்புவெளியில் இருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் பாதி வீதி கண்ணுக்குள்தான் இருக்கும். அதனால் வலது கண் உறுத்தத் தொடங்கியபோது தூசு என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த நாள் கண் சிவந்து, தண்ணீராகக் கொட்டியது. அதற்கடுத்த நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருட்டுக்குள் இருந்தேன். பீளை பெரிதாக இல்லை. இடது கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது தெரிந்த ஒருவர் அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

அம்மா நந்தியாவட்டைப் பூவோடு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை பெற்ற வீட்டில் கேட்டுக் கொஞ்சம் தாய்ப்பால் விடச் சொன்னார். நான் படித்தவன் அல்லவா, இரண்டையும் சிரித்துத் தள்ளிவிட்டு நேரே பாமசிக்குப் போனேன். அந்தப் பூவே பரவாயில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது. பெரிய கடைதான், கண்ணாடிக் கதவு, ஏ.சி. சுவரில் பாமசிஸ்டின் பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது, ஆனால் அந்தப் படத்தில் இருந்தவர் அங்கே இல்லை. நின்றது இருபது இருபத்திரண்டு வயதுத் தம்பி. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன்.

“கண்நோய்தான் அண்ணா, இப்ப எல்லாருக்கும் இருக்கு. இந்த அன்டிபயோட்டிக்கை விடுங்கோ, ரெண்டு நாளில கிளியர்.”

“எத்தனை சொட்டு?”

“ரெண்டு மூண்டு விடுங்கோ. எரிஞ்சா கூட விடுங்கோ.”

டொக்டர் எழுதிய துண்டு இருக்கிறதா என்று கேட்கவில்லை. வலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, கண்ணில் ஏதாவது பட்டதா, ஒன்றும் இல்லை. 650 ரூபா கொடுத்தேன், பில் கேட்டதற்கு மெஷின் வேலை செய்யவில்லை என்றார். பெட்டியில் மருந்தின் பெயர் இருந்த இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வேண்டுமென்று ஒட்டினார்களா தெரியாது, ஆனால் அதை உரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அது என் பிழை.

மருந்து வேலை செய்தது. அதுதான் இதில் மிக மோசமான பகுதி. இரண்டாம் நாள் சிவப்பு பாதியாகிவிட்டது, உறுத்தல் குறைந்தது, மனைவியிடம் “பார், டொக்டரிடம் போயிருந்தால் வரிசையில் நின்று ஒரு நாள் போயிருக்கும்” என்று பெருமை வேறு பேசினேன். தங்கச்சியின் மகனுக்கும் கண் சிவந்திருக்கிறது என்றபோது அதே போத்தலைக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தும் வைத்தேன். அவள் வந்து வாங்காமல் விட்டது எங்கள் குலதெய்வம் செய்த வேலை. ஐந்தாம் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் வலது கண்ணால் கலண்டரில் திகதி தெரியவில்லை. புகை படிந்த கண்ணாடிக்குள்ளால் பார்ப்பது மாதிரி. நான் செய்தது என்ன? இன்னும் இரண்டு சொட்டுக் கூட விட்டேன், அவர்தான் சொன்னாரே.

ஆறாம் நாள் மனைவி ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் அம்மா கண்ணுக்குள் ஒரு மஞ்சள் சாயம் வைத்து, நீல லைட்டில் பார்த்தார். பார்த்துக்கொண்டே, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுமா என்று கேட்டார். போடும். அடுத்ததாக, “என்ன மருந்து விட்டீங்கள்?” பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் படித்துவிட்டு, போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு வந்தது பக்டீரியாத் தொற்றே இல்லை. உதட்டில் கொப்புளம் போடுகிற அதே ஹெர்பிஸ் வைரஸ், கருவிழியில். தொடக்கத்தில் அது மரக்கிளை மாதிரி மெல்லிய கோடாகப் புண் போடுமாம், அப்போதே வைரஸ் மருந்து விட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். நான் ஆறு நாளாக விட்டது அன்டிபயோட்டிக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் கலந்த மருந்து. அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீரொய்ட் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி, சுகம் வந்தமாதிரிக் காட்டி, கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிட்டது. கிளைமாதிரி இருந்திருக்கவேண்டிய புண் நாட்டுப் படம் மாதிரிப் பரவிவிட்டது என்று டொக்டர் தாளில் கீறிக் காட்டினார். அசைக்குளோவிர் ஒயின்ட்மென்ட், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறின பிறகும் மூன்று நாள். ஒவ்வொரு கிழமையும் கிளினிக். கண்ணின் அழுத்தத்தையும் அளந்தார்கள், ஸ்டீரொய்ட் சொட்டு சிலருக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடுமாம், மாதக்கணக்கில் விட்டால் கண்ணில் வெண்புரையும் விழலாம்.

கண் கொஞ்சம் தெளிந்ததும் போத்தலோடு கடைக்குப் போனேன். அந்தத் தம்பி “நீங்கதானே அண்ணா கேட்டீங்கள்” என்றார். முதலாளி வந்து, பில் இருக்கிறதா என்று கேட்டார். எப்படி இருக்கும்?

இதற்குப் பிறகு கண்ட இடத்திலெல்லாம் சொட்டு மருந்துப் பெட்டிகளை வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் இருக்கிற கம்பனிப் பெயரை விடுங்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் உண்மையான பெயர்கள் இருக்கும். டெக்ஸாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன், ஹைட்ரோகோர்ட்டிசோன், புளூரோமெதலோன் என்று ‘ஓன்’ என்று முடிகிற ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதில் ஸ்டீரொய்ட் இருக்கிறது. கண்ணைச் சாயம் வைத்துப் பார்த்த டொக்டர் எழுதாமல் அதைத் தொடவேண்டாம். அதற்காக, கற்றராக்ட் சத்திரசிகிச்சை முடிந்து டொக்டர் எழுதிக் கொடுத்தவர்கள் இதை வாசித்துவிட்டு நாளைக்கே நிற்பாட்டிவிடாதீங்க, அது வேறு கதை, அங்கே அது தேவை.

சிவந்த கண்ணெல்லாம் பக்டீரியா இல்லை என்பது எனக்கு நாற்பத்தொரு வயதில்தான் தெரிந்தது. ஊரில் ஒருவருக்கு வந்து வீடு முழுக்கப் பரவுகிற கண்நோயில் பெருவாரி வேறு வகை வைரஸ்கள், ஒன்றிரண்டு கிழமையில் தானாக அடங்கும், அன்டிபயோட்டிக் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். சிலருக்கு ஒவ்வாமை, அது இரண்டு கண்ணும் ஒரே அரிப்பாக இருக்கும். பக்டீரியா என்றால் மஞ்சள் பச்சையாகக் கெட்டியாகப் பீளை தள்ளும், விடிய இமை ஒட்டிக்கிடக்கும்.

ஆவணி மாதம் என் மகளுக்கு அது அப்படியே வந்தது, ஏழு வயது, காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் அழுதாள். இந்தமுறை நேரே டொக்டர். குளோரம்பெனிகோல் 0.5 வீதச் சொட்டு, வேறு கலப்பு ஒன்றும் இல்லாதது. முதல் இரண்டு நாள் முழித்திருக்கிற நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு, பிறகு நாளைக்கு நாலு தடவை, மொத்தம் ஐந்து நாள். மூன்றாம் நாளே கண் பளிச்சென்று ஆகிவிட்டது, “போதும் அப்பா” என்று ஓடினாள், பிடித்து வைத்து ஐந்து நாளையும் முடித்தோம்.

ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. கண்ணின் கீழ் மடலில் பிடிக்கிற அளவே ஒரு சொட்டைவிடக் குறைவு, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். “ரெண்டு மூண்டு விடுங்கோ” என்றது போத்தல் கெதியாக முடியட்டும் என்றா, தெரியாமலா, அவருக்குத்தான் வெளிச்சம். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், பீளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கீழ் இமையை மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், சொட்டு அதற்குள் விழவேண்டும், போத்தல் முனை இமையிலோ மயிரிலோ படக்கூடாது. பட்டால் கிருமி போத்தலுக்குள் போய்விடும், பிறகு நாம் விடுவது மருந்தோடு சேர்த்து அதையும்தான். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அந்தக் கசப்பு தொண்டையில் வந்ததால்தான் மகள் முதல் நாள் அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினாள், மூலையை அழுத்தத் தொடங்கியபின் சத்தம் இல்லை. இரண்டு வகைச் சொட்டு எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி, ஒயின்ட்மென்ட் இருந்தால் அது கடைசியில்.

பெட்டியில் இருக்கிற காலாவதித் திகதி திறக்காத போத்தலுக்கு மட்டும்தான். மகளுக்கு எழுதின இந்தச் சொட்டைத் திறந்தால் 28 நாள், அதன்பிறகு பாதி இருந்தாலும் குப்பைதான். திறந்த அன்றே பேனையால் திகதியை எழுதிவிடுங்கள். குளோரம்பெனிகோல் சொட்டைப் பிரிட்ஜில் 2 இலிருந்து 8 பாகைக்குள் வைக்கவேண்டும், பிரீசருக்குள் இல்லை. நம்மூர் வெயிலில் கடைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து எடுத்துத் தந்தால் வாங்காமல் வரலாம், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஒரு போத்தலை இரண்டு பேர் பாவிக்கக்கூடாது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, எடுத்து வைத்தவன் நான்தானே.

எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற கம்பஸ் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, தான் கண் சிவந்தாலும் கொன்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல்தான் சொட்டு விடுவதாகச் சொன்னாள். தங்கச்சி, லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே டொக்டர். லென்ஸில் வருகிற சில கிருமிகளுக்கு இந்தச் சாதாரணச் சொட்டு கேட்காது, ஓரிரண்டு நாளில் கருவிழியைத் தின்றுவிடும். வலி, மங்கல், வெளிச்சம் தாங்காமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணில் அடிபட்டது, பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கிற பிள்ளை, இதெல்லாம் பாமசிக் கவுண்டரில் பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. சாதாரணமாகத் தொடங்கினதும் மருந்து விட்டு இரண்டு நாளில் குறையாவிட்டால் திரும்பக் காட்டவேண்டும். காதுச் சொட்டைக் கண்ணில் விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், போத்தல் ஒரே மாதிரி இருப்பதால். தயவுசெய்து லேபலை வாசியுங்கள்.

பில் இல்லாவிட்டாலும் போத்தலும் பெட்டியும் கிளினிக் புத்தகமும் இருந்தது. பிராந்திய சுகாதாரப் பணிமனையில் உணவு மருந்துப் பரிசோதகர் என்று ஒருவர் இருக்கிறார், பலருக்குத் தெரியாது, அவரிடம் எழுத்தில் கொடுத்தேன். பில் தர மறுத்ததற்குப் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்தேன். பரிசோதகர் போத்தலைப் படம் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பாமசிஸ்ட் நிற்கவில்லை என்பதையும் எழுதித் தரச் சொன்னார், கொடுத்திருக்கிறேன். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.

கண் ஆறிவிட்டது, ஆனால் கருவிழியில் ஒரு சின்னத் தழும்பு நின்றுவிட்டது. பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் உட்துறைமுக வீதியால் வரும்போது எதிரே பஸ் வந்தால் அதன் இரண்டு லைட்டும் வலது கண்ணுக்குள் பூசணிப் பூ மாதிரி விரிந்துவிடும், ஓரமாக நிற்பாட்டி அது போனபிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன்.