பாளையில ஒரு கல்யாணப்பொண்ணு ஸ்லிம்மிங் பேக்கேஜ்: அஞ்சுக்கு ஒன்றரை ஸ்டார்

கட பேர் போடல. போட்டா போன் பண்ணி உயிர வாங்குவாங்க, அதுவும் போக இதே மாதிரி சென்டர் இப்ப திருநெல்வேலில பாளை, வண்ணார்பேட்டைன்னு எங்க திரும்புனாலும் இருக்கு, எங்க சேரப் போறவியளுக்கும் இது உதவும்.

எங்க அக்கா மவளுக்கு தை மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சாச்சு. பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்பிள்ள வீட்டு அத்த ஒருத்தி கேசரிய தின்னுகிட்டே "பொண்ணு லட்சணமா இருக்கா, ஒடம்ப மட்டும் கொஞ்சம் கொறச்சா ஆல்பத்துல நல்லா விழும்"னு ஒரு வார்த்தைய போட்டுட்டு போயிட்டா. ஒயரம் எடை கணக்குப்படி புள்ள நார்மல்தான். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அக்கா 18,000 ரூவா கட்டி மூணு மாச பேக்கேஜ்ல சேத்துட்டா.

நல்லத மொதல்ல சொல்லிருதேன். எடம் சுத்தம், ஏசி உண்டு, பொம்பளைங்களுக்கு தனி நேரம், எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க பொண்ணுக்கு வேல தெரியும், முட்டி வலி இருந்தா மாத்தி குடுக்கா. அந்த ஒன்றரை ஸ்டார் முழுக்க அவளுக்குத்தான்.

மத்தபடி சேரும்போது குடுத்த ஃபாரத்த பாத்தேன். பேரு, போன் நம்பர், கல்யாணத் தேதி, எத்தன கிலோ கொறையணும், பணம் ஜிபேவா கேஷா. அம்புட்டுதான். மாசாமாசம் ஒழுங்கா தூரமாகுதா, மயக்கம் வருமா, வாந்தி எடுப்பியா, ஒண்ணுமே கேக்கல. நான் நர்ஸிங் படிச்சவ, அதனால கேக்கேன், சாப்பாட்டு நோய் (ஈட்டிங் டிஸ்ஆர்டர்) இருக்கலாமான்னு கண்டுபுடிக்க 1999லயே ஸ்காஃப்னு அஞ்சே அஞ்சு கேள்வி போட்டு வச்சிருக்காவ. வயிறு ரொம்பிட்டுன்னு நீயா வாந்தி எடுக்கியா, சாப்பாட்டுல கட்டுப்பாடு கைவிட்டு போவுதுன்னு கவலப்படுதியா, மூணு மாசத்துல ஆறு கிலோவுக்கு மேல எறங்கிட்டியா, மத்தவங்க ஒல்லின்னு சொன்னாலும் நீ குண்டுன்னு நெனைக்கியா, சாப்பாட்டு நெனப்புதான் ஒன் வாழ்க்கைய ஆளுதா. ரெண்டுக்கு ஆமான்னு பதில் வந்தா டாக்டர்ட்ட காட்டணும். இதுல மூணாவது கேள்வி இருக்குல்லா, அதத்தான் இவங்க வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸா அடிச்சு சாதனைன்னு மாட்டி வச்சிருக்காங்க.

எடை பாக்க மெஷின் ஹாலுக்கு நடுவுல இருக்கு. ஒவ்வொருத்தியா ஏறணும், கோச் நம்பர சத்தமா வாசிப்பாங்க, கொறஞ்சா எல்லாரும் கைதட்டணும், கூடுனா "நேத்து என்ன பாவம் பண்ணுனீங்க?"ன்னு சிரிச்சுகிட்டே ஒரு கேள்வி. எங்க பொண்ணு ஏறதுக்கு முன்னால கம்மல், வளையல், கடைசில தலைல வச்சிருந்த பூவ கூட எடுத்து பைக்குள்ள போட்டத நானே பாத்தேன். வாட்ஸ்அப் குரூப்ல காலைல எடை போட்டோ, மூணு நேரமும் தட்டு போட்டோ, அனுப்பாதவ பேர குரூப்லயே போட்டு கேப்பாங்க. நாலு பேர் முன்னால கூச்சப்பட வச்சா மெலிஞ்சிருவாங்கன்னு ஒரு நெனப்பு, ஆனா நடக்கது மறைக்கவும் பொய் சொல்லவும் பழகுதுதான்.

அந்த பேட்ச்ல ப்ளஸ் ஒன் படிக்க புள்ள ஒண்ணும் இருந்துது, அம்மாவே கொண்டு வந்து சேத்திருக்காவ. எனக்கு பக்குன்னு ஆயிட்டு. ஆஸ்திரேலியாவுல பள்ளிக்கூடப் புள்ளைங்கள வருசக்கணக்குல தொடர்ந்து பாத்து 1999ல ஒரு ஆராய்ச்சி வந்துது, டயட்டே இல்லாத பொண்ணுங்கள விட கடுமையா டயட் இருந்த பொண்ணுங்களுக்கு சாப்பாட்டு நோய் வரது 18 மடங்கு, நடுத்தரமா இருந்தவங்களுக்கே 5 மடங்கு. வளர்ற புள்ளைய இதுல சேக்க மாட்டோம்னு ஒரு போர்டு போட என்ன கேடு?

நம்ம ஊருல இதெல்லாம் வராதுன்னு சொல்லுதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். புள்ள வயசுக்கு வந்தா உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய ஊத்தி "இடுப்பு பலப்படணும்"னு ஊட்டுத ஊருதான் நம்முது, அதே ஆச்சிதான் பத்து வருசம் கழிச்சு "என்னட்டீ இப்படி ஊதிட்ட"ன்னு கேக்கா. ஃபிஜி தீவுலயும் அப்படித்தான், நல்ல வாட்டசாட்டமான ஒடம்புதான் அங்க அழகு, புள்ள இளைச்சா வீடே கவலப்படும். 1995ல அங்க ஒரு பக்கம் டிவி வந்துது. ஆன் பெக்கர்னு ஒரு டாக்டரம்மா பள்ளிக்கூடத்து பொண்ணுங்கள்ட்ட கேட்டப்போ ஒடம்பு கொறைக்க வாந்தி எடுக்கவ ஒருத்தி கூட இல்ல, 1998ல போய் கேட்டா 11 சதவீதத்துக்கு மேல. அது ஒத்த சேனல் டிவி காலம், இப்ப ஒவ்வொருத்தி கையிலயும் ரீல்ஸ்.

எங்க வீட்டுல அக்கா மவ சாப்பிடாம கெடந்தது வெளிய தெரியாம போனதுக்கு காரணம் வெரதம். வெள்ளிக்கெழம அம்மனுக்குன்னா, பொரட்டாசி வந்ததும் சனிக்கெழம பெருமாளுக்குன்னா, பொறவு கார்த்திகை, சஷ்டி, ஏகாதசின்னு கேலண்டர்ல ஒரு நாள் விடல. அக்காவுக்கு பெருமைன்னா பெருமை, "எம்மவளுக்கு எம்புட்டு பக்தி"ன்னு தெருவெல்லாம் சொன்னா. வெரதம் இருக்கது தப்புன்னு சொல்லல, நானும் இருக்கேன். ஆனா வெரதம் முடிச்சா மனுசனுக்கு பசிச்சு சாப்பிடத் தோணணும்லா. சொந்தத்துல ஒரு மறுவீட்டு சொதி சாப்பாடு, எதுத்த எலைல இவ. சொதிய சோத்துல ஊத்தி பெசஞ்சா, அங்கிட்டு தள்ளுனா, இங்கிட்டு தள்ளுனா, அப்பளத்த நொறுக்கி மேல போட்டு மூடி எலைய மடிச்சுட்டா. வாய்க்கு ஒரு பருக்க போகல. அன்னைக்கு ராத்திரி அவ போன்ல ஓடுனது பூராம் பிரியாணி வீடியோ.

வில்பவர் இல்லன்னு கோச் சொல்லுதது சுத்தப் பொய். 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஆன்செல் கீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் நல்ல ஆரோக்கியமான 36 ஆம்பளைங்கள ஆறு மாசம் அரைவயித்துல வச்சு பாத்தாரு, அவனுவளும் சாப்பாட்டயே நெனச்சு, சமையல் புஸ்தகத்த சேத்து, தட்ட நக்கி, பொறவு சாப்பாடு கெடச்சதும் நிறுத்த முடியாம தின்னானுவ. பட்டினி கெடந்தா மூள அப்படித்தான் போவும், ஆம்பள பொம்பள கணக்கு கெடயாது.

ரெண்டு மாசம் தூரமாகல, சீப்பு பூராம் முடி, பொரட்டாசி வெயில்லயும் கை சில்லுன்னு இருக்கு. சென்டர்ல கேட்டா "பாடி டீடாக்ஸ் ஆகுது மேடம், நல்ல சைன்"ங்காங்க. ஆக்கங்கெட்ட பேச்சு. நேரா ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், ரத்தம் எடுத்து பாத்தாங்க, பொட்டாசியம் கொறஞ்சா இதயத்துடிப்பே தடுமாறும்லா. மனநல ஓபிக்கு போச் சொன்னதும் அக்கா "கல்யாணப் பொண்ணு, யாராச்சும் பாத்தா?"ன்னு வாசல்லயே நின்னுட்டா, நாந்தான் இழுத்துட்டு போனேன். நேர போக கூச்சமா இருந்தா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். டாக்டர் வீட்டுக்கு சொன்னது ரொம்ப சாதாரணம்: நேரத்துக்கு எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுங்க, அவ தட்டயே பாத்துகிட்டு இருக்காதீங்க, யார் ஒடம்பு பத்தியும் வீட்டுல பேச்சே வேண்டாம். கடைசி ஒண்ணுதான் எங்க வீட்டுல முடியவே மாட்டேங்குது, பெரியம்மா வாசப்படி ஏறும்போதே "மெலிஞ்சுட்டியே"ன்னுதான் வாரா.

காலேஜுவளுக்கு ஒரு வார்த்த. தென்னிந்திய ஆக்ஸ்போர்டுன்னு பாளைக்கு பெரிய பேரு, ஆனா சாப்பாட்டு நோய் பத்தி ஒரு மணி நேரம் சொற்பொழிவு வச்சு பயமுறுத்தி அனுப்புனா பிரயோசனம் கம்மி. அமெரிக்காவுல எரிக் ஸ்டைஸ்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் குழு செஞ்ச மாதிரி, ஒல்லிதான் அழகுங்கிறத பொண்ணுங்களயே எதுத்து பேச வைக்கத முறை இருக்கு, பல தடவ சோதிச்சு பலன் இருக்குன்னு பாத்திருக்காவ. பையங்களயும் விட்டுறாதீங்க, ஜிம்முல பவுடர் டப்பாவோட அவனுவ தனிக் கூத்து.

ஒடம்பு கொறைக்கணும்னா சுகர், பிரஷர் இருக்கவங்க ஆஸ்பத்திரி டயட்டீசியன்ட்ட போங்க. இந்த சென்டருக்கு எக்சர்சைஸ் மட்டும்னு மாசக் கணக்குல பணம் கட்டி போறதா இருந்தா சரி, பேக்கேஜும் குரூப்பும் வேண்டாம். பாதில நின்னதுக்கு மிச்சப் பணத்த கேட்டோம், "பாலிசில இல்ல மேடம்"னுட்டாங்க. "ஃப்ரெண்ட சேத்துவிட்டா ஒரு மாசம் ஃப்ரீ"ன்னு மெசேஜ் மட்டும் இன்னும் வந்துகிட்டே இருக்கு.