ஆளோடு சேர்த்து விற்ற கிளீவ்லாந்து வீடு

நியூ ஜெர்சியில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் கணக்கு தேறாது. வரும் வாடகை தவணைக்கும் சொத்து வரிக்குமே பத்தாது. அதனால் நம் ஆட்கள் பலர் ஒஹாயோ, டென்னசி, அலபாமா என்று கண்ணால் பார்க்காத ஊர்களில் தனி வீடுகளாக வாங்குகிறார்கள். நானும் 2023 அக்டோபரில் ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் ஒன்று வாங்கினேன். அதே யோசனையில் இருப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விற்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். முறையைச் சொல்கிறேன்.

பழைய வீட்டை மலிவாகப் பிடித்து, பெயிண்ட் அடித்து, தரையை மாற்றி, ஓர் ஆளைக் குடிவைத்து, அந்த ஆளோடு சேர்த்தே வெளியூர்க்காரருக்கு விற்பார்கள். இதற்கு 'டர்ன்கீ' என்று பெயர். சாவியைத் திருப்பினால் போதுமாம், வாடகை கொட்டுமாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜ்மென்ட்டும் அவர்களுடையது, பழுது பார்க்கும் ஆட்களும் அவர்களுடையவர்கள்.

எனக்குக் காட்டிய கணக்கு இது. விலை 1,04,000 டாலர். 25 சதவீதம் என் கையிலிருந்து, மீதி 78,000 கடன், வட்டி 7.75. மாதத் தவணை 559, வரி 185, இன்சூரன்ஸ் 100, மேனேஜ்மென்ட்டுக்கு வாடகையில் பத்து சதவீதமாக 125. வாடகை 1,250. ஆக மாதம் 281 டாலர் கைக்கு. வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கோ பழுதுக்கோ அதில் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. 1926இல் கட்டிய வீடு! எக்ஸெல்லில் பிழைப்பு நடத்துகிற எனக்கு அது உறைக்கவில்லை.

அப்பாவுக்கு உறைத்தது. தஞ்சாவூரில் வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு போர்ஷனுக்கும் இன்றுவரை மாதம் தவறாமல் நேரில் போய் வாடகை வாங்குகிறவர். போனில் சொன்னபோது, "குடியிருக்கிறவங்களப் பாத்தியாப்பா?" என்றார். "அதுக்கு மேனேஜர் இருக்காருப்பா" என்றேன். "அவரு யாரோட ஆளு?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் வாடகை ஒழுங்காக வந்தது. பிப்ரவரியில் நின்றது. கேட்டால் "டெனன்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி மெயில். கூடவே பில்கள்: கழிப்பறைத் தொட்டி வால்வு மாற்ற 185 டாலர், சமையலறைக் குழாய்க்கு 240, அடுத்த மாதம் அதே குழாய்க்கு மறுபடியும் 210. இரண்டு குழாய் பில்லிலும் இணைத்திருந்த போட்டோ ஒன்றுதான். சிங்க் ஓரத்தில் அதே நீல சோப்பு, அதே கோணம், அதே கரைந்த மூலை. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அன்று இரவே கிளீவ்லாந்துக்கு டிக்கெட் போட்டேன்.

வீட்டில் இருந்தது ஒரு வயதான அம்மாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. அடுப்பின் ஓவன் கதவைத் திறந்துவைத்து அதன் சூட்டில் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார். விளம்பரத்தில் 'புதிய ஃபர்னஸ்' (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) என்று போட்டிருந்ததே என்று பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள் தகட்டில் தயாரிப்பு வருடம் 1996. புதிதாக இருந்தது சுவரில் மாட்டியிருந்த தெர்மோஸ்டாட் மட்டும். பேஸ்மென்ட் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் புது சாம்பல் பெயிண்ட், விரலால் அழுத்தினால் ஈரமாக உரிந்து வந்தது. நடுவில் இருந்த தரைச் சாக்கடை மூடியைச் சுற்றிக் கறுப்பு வளையம். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அது வழியாக மேலே வருமாம்.

அந்த அம்மா ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். முதல் மூன்று மாதம் வாடகை கிடையாது, குளிருக்கு முன் ஃபர்னஸைச் சரிசெய்து தருகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தது. அப்படியென்றால் எனக்கு வந்த மூன்று மாத வாடகை? நான் கொடுத்த விலையிலிருந்தே எடுத்து எனக்குத் தந்திருக்கிறார்கள். அவரும் ஏமாந்தவர்தான், எனக்கு ஏற்கெனவே அடிபட்டிருந்ததால் சட்டென்று புரிந்தது. ஃபர்னஸ் ஆளைக் கூட்டிவந்து சரிசெய்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன். மார்ச் கடைசியில் அவரே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இதை முன்பே கண்டுபிடிக்க ஒரு காகிதம் போதும். எஸ்டாப்பல் சான்று என்பார்கள். வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, சலுகை ஏதாவது உண்டா, வீட்டுக்காரர் செய்வதாகச் சொன்ன வேலை என்ன என்று குடியிருப்பவரே கையெழுத்துப் போட்டுத் தருவது. எனக்கு வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினார்கள். அந்த ஒப்பந்தத்தில் 1,250 அட்வான்ஸ் என்று இருந்தது, பத்திரம் முடித்த அன்று வந்த கணக்குத் தாளில் அது இல்லவே இல்லை. நான் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தது ஐந்து மாதம் கழித்து.

சாக்கடை விஷயம்தான் பெரிய அடி. அந்தக் காலத்து வீடுகளுக்குத் தெருவரை போவது பெரும்பாலும் சுட்ட மண் குழாய், இணைப்புகளில் மர வேர் புகுந்துவிடும். கேமரா விட்டுப் பார்க்க எனக்கு ஆன செலவு 225 டாலர். வாங்கும் முன் செய்யவில்லை. விற்றவர்களே சிபாரிசு செய்த இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் 41ஆம் பக்கத்தில் 'நிலத்தடிக் குழாய் சோதிக்கப்படவில்லை' என்று பொடி எழுத்தில் இருந்தது. அவர்களுடைய ஆட்கள் மாற்றித் தர 11,400 கேட்டார்கள். நானாகத் தேடிப் பிடித்த உள்ளூர் பிளம்பர் வேர் வெட்டி, உடைந்த பகுதியை மட்டும் மாற்ற 4,300 வாங்கினார். வேலையும் நன்றாகவே செய்தார்.

அப்புறம் பழைய பெயிண்டில் இருக்கும் ஈயம். 1978க்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கு ஈய அபாயம் இல்லை என்ற சான்று வேண்டும் என்று கிளீவ்லாந்து நகரம் 2019இல் சட்டம் போட்டது, 2021 முதல் பகுதி பகுதியாக அமலுக்கு வந்தது. என் வீட்டுக்குச் சான்று இல்லை. கேட்டதற்கு "அது உரிமையாளர் பொறுப்பு" என்று பதில் வந்தது. உண்மைதான், அதற்குள் உரிமையாளர் நான்தானே! 2024இல் வெளியூர் உரிமையாளர்கள் உள்ளூரில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. அதே வருடம் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வீடுகளின் மதிப்பை மறுபடி கணக்கிட்டதில் வரியும் ஏறியது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதை.

கவுண்டியின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் அந்த வீட்டை யார், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று இலவசமாகவே வரும். எனக்கு விற்றவர்கள் எட்டு மாதத்துக்கு முன் 41,000க்கு வாங்கியிருந்தார்கள். லாபம் வைத்ததை நான் குறை சொல்லவில்லை, வியாபாரம்தான். ஆனால் 63,000 வித்தியாசத்துக்கு என்னென்ன வேலை செய்தீர்கள், பெர்மிட் எங்கே என்று கேட்டிருந்தால் அங்கேயே பேச்சு நின்றிருக்கும். வக்கீல் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, 'உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வழக்குச் செலவுதான் மிஞ்சும் என்றார். சிறு வழக்கு மன்றத்தில் ஒஹாயோவில் 6,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது. விட்டுவிட்டேன்.

மேனேஜ்மென்ட்டை மாற்றி, ஜூலை வரை காலியாகக் கிடந்து, பிறகு ஒரு நல்ல குடும்பம் வந்தது. போன வசந்தத்தில் வீட்டை விற்றேன். வாங்கியவர் அதே ஊர் பஸ் டிரைவர், தான் குடியிருக்க வாங்கினார். பிளம்பர் எடுத்த கேமரா வீடியோ, ஃபர்னஸ் தகட்டின் போட்டோ, எல்லாவற்றையும் முதலிலேயே அனுப்பிவைத்தேன். பார்த்துவிட்டு 6,000 குறைத்துக் கேட்டார். கொடுத்தேன்.