பெங்களூரில் பிஜிடிஎம் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் கையேட்டைக் கேளுங்கள்

அட்மிஷன் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. பெங்களூரில் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில் இரண்டு வருடம் பிஜிடிஎம், அதாவது மேலாண்மையில் முதுநிலை டிப்ளமோ, படித்து முடித்தவன் நான். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்பது ஒரு காரணம். இதே வேலையைச் செய்கிற இடங்கள் இன்னும் பல இருக்கின்றன என்பது இன்னொரு காரணம்.

பாடம் ஒன்றும் மோசமில்லை. ஃபைனான்ஸ் எடுத்தவர் அருமையாகவே நடத்தினார். எங்களைக் கவிழ்த்தது விதிகள்தான். சேரும்போது கையில் தருவது வழவழப்பான பிராஸ்பெக்டஸ்: லேப்டாப், வெளிநாட்டுப் பயணம், ஏ.சி. ஹாஸ்டல், நூறு சதவீத பிளேஸ்மென்ட். கல்லூரி நிஜமாக எதை வைத்து நடக்கிறதோ அந்த மாணவர் கையேட்டை, முதல் வருடக் கட்டணம் கட்டி, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளையும் ஒப்படைத்த பிறகுதான் கண்ணில் காட்டினார்கள். கூடவே ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு உறுதிமொழி, பெற்றோர் கையெழுத்தோடு. அப்பா நின்று படிக்கத் தொடங்கியதும், “சார், வெறும் ஃபார்மாலிட்டி. பின்னாடி எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாருங்க” என்றார்கள். அந்த ஃபார்மாலிட்டியில்தான் எல்லாமே இருந்தது.

எங்களை அங்கே கொண்டு சேர்த்தது மதுரையில் உள்ள ஒரு கன்சல்டன்சி. டான்செட் (தமிழ்நாட்டின் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்த வாரத்திலேயே போன் வந்தது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். “கோயம்புத்தூர்ல கவுன்சலிங் நடக்கிற வரைக்கும் காத்திருந்தா இங்க சீட் போயிடும் தம்பி, டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போடுங்க” என்றார் கன்சல்டன்சிக்காரர். இவர்களுக்குக் கல்லூரி தரும் கமிஷன் நாம் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போகிறது என்பதைப் பிறகு ஒரு சீனியர் சொன்னார்.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் ஒரு முறைகூட பிஜிடிஎம் என்று சொல்லவில்லை, எம்.பி.ஏ. என்றே பேசினார். பட்டம் வழங்கும் உரிமை 1956-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும், சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. மற்றத் தனி நிறுவனங்கள் தருவது டிப்ளமோ. ஐஐஎம்களே 2017-இல் தனிச் சட்டம் வரும்வரை டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன, ஆகவே டிப்ளமோ என்பதாலேயே மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் அனுமதி இருக்கிறதா, படிப்பின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ-யின் தரச்சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் பிஎச்.டி. சேரவோ அரசு வேலைக்கோ எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்று ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) தரும் சான்று கேட்டால் அப்போது இவை கைகொடுக்கும். “கூடவே ஒரு எம்.பி.ஏ. ஃப்ரீ” என்று தொலைதூரப் பட்டத்தை ஒட்டித் தருகிறார்கள். 2022 முதல் இரண்டு படிப்பை ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது, உண்மைதான். அந்தத் தொலைதூரப் படிப்பு யுஜிசியின் அங்கீகாரப் பட்டியலில் அந்த வருடம் இருக்கிறதா என்பதை நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

என் ரூம்மேட் கதைதான் மோசம். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவனுக்குத் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்துவிட்டது. விலகுகிறேன் என்று போய் நின்றான். “டோக்கன் அட்வான்ஸ் திரும்ப வராது. சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொள்” என்றார்கள், கையேட்டில் உள்ள விதியைக் காட்டி. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து டி.சி. வரை எல்லாம் அவர்கள் பீரோவில். புதுக் கல்லூரியில் சேர வேண்டிய தேதி நெருங்குகிறது. அவன் அம்மா ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து அழுதார்.

அந்த விதி செல்லவே செல்லாது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், செயலாக்கக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும், ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ விதி. பல்கலைக்கழகத்தின் கீழ் எம்.பி.ஏ. நடத்தும் கல்லூரிகளுக்கு யுஜிசியின் 2018 அறிவிப்பு இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுப் பணம் (கழிவு அதிகபட்சம் 5,000 ரூபாய்), அதற்குப் பின் கடைசித் தேதிவரை 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. சர்டிஃபிகேட்டுகளைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், சுய கையொப்பமிட்ட நகல்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு.

கவுண்டரில் வாயால் கேட்டவரை யாரும் அசையவில்லை. விலகும் தேதியைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பி, அதன் நகலோடு ஏஐசிடிஇ குறைதீர் தளத்தில் புகார் பதிவு செய்த பிறகு சர்டிஃபிகேட்டுகள் வந்தன. பணம் தவணை தவணையாகத்தான் வந்தது, அதுவும் முழுசாக இல்லை. அவனுடையது வங்கிக் கடன் இல்லை, தப்பித்தான். கடனாக இருந்தால் வங்கி நேராகக் கல்லூரிக்குப் பணம் அனுப்பிவிடும், கல்லூரி இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி நம் தலையில் ஏறும்.

அடுத்தது பிளேஸ்மென்ட். நூறு சதவீதம் என்று போட்டிருந்ததற்குப் பக்கத்தில் ‘உதவி’ என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருந்திருக்கிறது. கையேட்டின்படி, பிளேஸ்மென்ட் செல் அனுப்பும் இன்டர்வியூவுக்குப் போகாவிட்டால் அபராதம், கிடைத்த வேலையை மறுத்தால் பட்டியலிலிருந்து நீக்கம். முதலில் வந்தவை பெரும்பாலும் இன்சூரன்ஸும் ரியல் எஸ்டேட்டும் விற்கும் வேலைகள். சொன்ன பேக்கேஜில் கணிசமான பங்கு டார்கெட் முடித்தால்தான். மறுத்தவர்களை ‘தகுதியற்றோர்’ கணக்கில் தள்ளிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து நூறு சதவீதம் காட்டினார்கள். கெட்டிக்காரக் கணக்குதான், அதைப் பாடத்திலேயே வைத்திருக்கலாம். ஐஐஎம் அகமதாபாத் முன்னெடுத்த ஐபிஆர்எஸ் என்ற அறிக்கை முறை இருக்கிறது: நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட்டைப் பொறுத்தது எவ்வளவு, நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்று பிரித்து, வெளித் தணிக்கையோடு போடுவார்கள். நீங்கள் பார்க்கிற கல்லூரியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் காட்டியது அதிகபட்ச பேக்கேஜும் ஒரு பையனின் போட்டோவும்.

அட்டெண்டன்ஸ் குறைந்தால் கட்டணம், ஐ.டி. கார்டு மறந்தால் அபராதம், சாப்பிடாத மாதத்துக்கும் மெஸ் பில் என்று சில்லறைகளும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு விமான டிக்கெட் நம் செலவு.

சேரப் போகிறவர்கள் டோக்கன் அட்வான்ஸ் போடும் முன் கையேடு, ரீஃபண்ட் விதி, பிளேஸ்மென்ட் விதி மூன்றையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் போதாது. கல்லூரி பெயரை ஏஐசிடிஇ தளத்தில் நீங்களே தேடுங்கள், கன்சல்டன்சி அனுப்பும் பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள். ஒரிஜினலைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுக் கையோடு தரச் சொல்லுங்கள். போன வருடம் முடித்தவர்களில் கல்லூரி கைகாட்டாத இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, புகார் செய்ய, பிஜிடிஎம் என்றால் ஏஐசிடிஇ குறைதீர் தளம், பல்கலைக்கழகப் பட்டம் என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளம். எதற்கும் முதலில் கல்லூரிக்கு எழுதிய மெயில் கையில் இருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய என் காஷன் டெபாசிட் இன்னும் வரவில்லை. லைப்ரரியில் பாக்கி எதுவும் இல்லை என்ற ‘நோ டியூஸ்’ சான்று இல்லை என்கிறார்கள், புத்தகங்களைத் திரும்ப வாங்கியாயிற்று என்று லைப்ரரியன் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து புகாரோடு சேர்த்திருக்கிறேன். பதில் வந்தால் கமெண்ட்டில் போடுகிறேன்.