கம்பனியா, கராஜா: வன்னியில் விலைக்கு வரும் மொறிஸ் மைனர்

வன்னியில் இன்று விலைக்கு வரும் மொறிஸ் மைனர்களில் கம்பனி விட்டபடியே இருப்பது மிக அருமை. அது வண்டியின் குறையல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடி, கிறவல் ஒழுங்கைகளில் அடிபட்டு, கையில் கிடைத்த சாமானைப் போட்டுத் திரும்பவும் எழும்பின வண்டிகள் இவை. ஓடுவதற்கு வாங்குபவர் கலப்பு வண்டியை வாங்கலாம், பிழையில்லை. ஆனால் கலப்பு வண்டியை ‘ஒறிஜினல்’ என்று சொல்லி ஒறிஜினல் காசு கேட்டால், கொடுப்பதற்கு முன் பொனற்றைத் திறந்து பார்க்கவேண்டும். எங்கே பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வண்டி பிறந்த கதை. அலெக் இசிகோனிஸ் வரைந்த மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. வேலை முடியும் தறுவாயில், வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து 4 அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த அகலமே நிலைத்தது. பொனற்றின் நடுவில் உள்ளங்கையை வைத்து முன்னுக்குத் தடவினால் தட்டையான ஒரு பட்டி கையில் தட்டுப்படும். அந்த 4 அங்குலம் அதுதான். அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்து முடிந்திருந்தன. அதனால் ஆரம்ப வண்டிகளின் பம்பரை நடுவில் வெட்டித் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். அந்தத் துண்டோடு ஒரு பம்பர் எங்காவது கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

1948 முதல் 1953 வரை வந்த எம்எம் வரிசைக்கு 918 சிசி பக்கவால்வு எஞ்சின். முதல் வண்டிகளில் ஹெட்லைற் கிறிலின் பக்கத்தில் தாழ இருந்தது; 1950–51இல் மட்காட்டுக்கு ஏறியது. 1952இல் தொடங்கிய இரண்டாம் வரிசைக்கு 803 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். 1956 இலையுதிர் காலத்தில் மைனர் 1000 வந்தது: 948 சிசி, 37 குதிரைவலு, நடுக்கம்பி இல்லாத ஒற்றை முன்கண்ணாடி, பெரிய பின்கண்ணாடி. 1962 செப்ரெம்பரில் 1098 சிசி, 48 குதிரைவலு. சலூன் கார் உற்பத்தி 1970 நவம்பரில் நின்றது. மரச்சட்டம் வைத்த ட்ரவலர் 1971 வரை வந்தது. எல்லாமாக 16 இலட்சத்துக்கு மேல். இலங்கையில் அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி ஒடுங்கிவிட்டது. ஆகவே வன்னியில் அதிகம் கண்ணில்படுவது 803உம் 948உம்தான். 1098 என்று சொல்லி வரும் வண்டியை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும்.

ஆண்டை மதிக்க நம்பர் பிளேற் உதவும். ஸ்ரீ எழுத்து 1957இல் வந்தது. அதற்கு முன் ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில இரட்டை எழுத்து. நடுக்கம்பி முன்கண்ணாடி வண்டிக்கு 4 ஸ்ரீ இலக்கம் இருந்தால் கேள்வி கேளுங்கள். ஈஎன் வண்டிக்கு ஒற்றைக் கண்ணாடி இருந்தால் யாரோ பொடியை மாற்றியிருக்கிறார்கள். மடங்கி எழும்பும் கைகாட்டி 1961 வரை. அதன் பிறகு மினுங்கும் லைற். வைப்பர் இரண்டும் ஒரே திசையில் ஓடினால் 1963 கடைசிக்குப் பிந்தியது. ஸ்ராட்டரை இழுக்கும் குமிழ் போய்ச் சாவியிலேயே ஸ்ராட் வந்தது 1964இல்.

இனி இலக்கத் தகடு. பொனற்றைத் திறந்தால் பற்றரி இருக்கும் பின்சுவரில் செசித் தகடு. 1958க்குப் பிறகு எம்ஏ2எஸ்3 என்ற மாதிரி எழுதியிருக்கும். எம் மொறிஸ், ஏ எஞ்சின் வகை, 2எஸ் இரண்டு கதவு, 4எஸ் நாலு கதவு. கடைசி 3 என்றால் 948, 5 என்றால் 1098. ட்ரவலருக்கு 2எஸ் இருக்குமிடத்தில் டபிள்யூ. எஞ்சின் தகடு வேறு இடம்: வலப்பக்கம் டைனமோ பிடித்திருக்கும் இடத்துக்கு மேலே, புளொக்கோடு றிவிற் அடித்தது. 803க்கு ஏபிஎச்எம், முதல் 948க்கு ஏபிஜேஎம், பிந்திய 948க்கு 9எம், 1098க்கு 10எம்ஏ என்று தொடங்கும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்தாலே படிக்கலாம். றிவிற் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்குறூ இருந்தால் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது.

பிந்திய எஞ்சின்களில் அந்த முன்னெழுத்துகளின் முடிவில் எச் அல்லது எல் இருக்கும். எச் உயர் அமுக்கம், எல் தாழ் அமுக்கம். அமுக்க விகிதம் 948 எச்சுக்கு 8.3:1, எல்லுக்கு 7.2:1. இந்த ஒரு எழுத்து நமது ஊரில் பெரிய விஷயம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அமுக்கம் கூடின எஞ்சினில் அது நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்ரனைத் தட்டும். தாழ் அமுக்க எஞ்சின் அதைத் தாங்கியது. ஆனாலும் தாங்கியதற்கு விலை இருக்கிறது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும், முழுவதும் ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரால் இறங்கி, றிங்கைத் தாண்டி ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீர்போல் இளகும், பெயறிங் தேயும். மேலே கரி கட்டி றிங் தவாளிப்பில் ஒட்டும், எக்ஸோஸ் வால்வு சரியாக மூடாமல் கருகும்.

அந்தக் காலத்தின் மிச்சத்தைக் கண்டுபிடிப்பது இப்படி. எஞ்சினைச் சூடாக்கி 2 நிமிடம் ஐட்லில் விட்டு, பிறகு ஒருதரம் மிதியுங்கள். நீலப்புகை குப்பென்று வந்து அடங்கினால் வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருக்கிறது. அடங்காமல் தொடர்ந்து வந்தால் றிங். அமுக்கமானி இருந்தால் 4 சிலிண்டரும் பாருங்கள்; தமக்குள் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒயில் அமுக்கம் சூட்டில் ஓடும்போது 60 அளவிலும் ஐட்லில் 15 அளவிலும் நின்றால் கீழ்ப்பாகம் நல்லது. வால்வுக்கு மேலுள்ள ரப்பற் (tappet) இடைவெளி 0.012 அங்குலம். ஈயம் இல்லாத பெற்றோல் 2002இல் வந்த பிறகு எக்ஸோஸ் வால்வு இருக்கை மெல்ல உள்வாங்கும், இடைவெளி சுருங்கும். ஆகவே இந்த அளவை அடிக்கடி பார்க்கவேண்டும். சத்தம் போடும் ரப்பற் பயமில்லை. சத்தமே போடாத ரப்பற்தான் வால்வைக் கருக்கும்.

டட்சன் சன்னி எஞ்சினும் கியர்பொக்ஸும் ஏற்றின மைனர்கள் நிறைய. இசிகோனிஸ் முதலில் படுக்கை எஞ்சின் ஒன்றை வைக்க நினைத்து அதற்கு ஏற்ற அகலத்தில் பொனற்றுக்குக் கீழ் இடம் விட்டிருந்தார். அந்த எஞ்சின் வரவேயில்லை, இடம் மட்டும் மிஞ்சியது. அதனால்தான் வேறு எஞ்சின் இவ்வளவு இலகுவாக இறங்குகிறது. ஓட்டத்துக்கு நல்ல மாற்றம்தான். ஆனால் முன் பிறேக் ட்றம் 1962 வரை 7 அங்குலம், 1098ஓடுதான் 8 அங்குலம் வந்தது. வலுக்கூடின எஞ்சினை 7 அங்குல ட்றம்மோடு விற்கும் வண்டியை, முன் பிறேக்கை மாற்றுகிற செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.

கியர்பொக்ஸ் 948க்கு மொழுமொழுவென்ற கூடு, 1098க்கு வரிவரியான கூடு. கிளச் தட்டு 6¼ அங்குலம், பிறகு 7¼. எதிலும் முதல் கியருக்கு சிங்குறோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை. வண்டி நின்ற பின்தான் போடவேண்டும். பின் அச்சு எது என்று கழற்றாமலே பார்க்கலாம். முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, நியூற்றலில் விட்டு, பின்சில்லு ஒன்றை மட்டும் தூக்கி, புறொப்பெலர் சாவ்ற்றில் சோக்கால் கோடு போடுங்கள். தூக்கின சில்லைச் சரியாக 2 சுற்றுச் சுற்றினால் சாவ்ற் நாலேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும், அல்லது நாலரைக்குச் சற்றுக் கூடச் சுற்றும். முதலாவது 4.22, 1098இன் அச்சு. மற்றது 4.55, 948உடையது. ஏ-9இல் சட்டப்படி 70இல் போகிறவருக்கு 4.22 காதுக்கு நிம்மதி. மாங்குளத்திலிருந்து உள்ளே சுமையோடு கிறவலில் போகிறவருக்கு 4.55 நல்லது.

இந்த வண்டியில் ஆளைக் கொல்லக்கூடிய பாகம் ஒன்று உண்டு: முன்சில்லின் கீழ் ட்ரனியன், அதாவது சில்லைத் திருப்பும் சுவிவல் பின்னின் (pin) கீழ் முனை திருகி நிற்கும் கூடு. முன் பாரம் முழுவதையும் நீள முறுக்குக் கம்பி கீழ்க்கையால் தாங்குகிறது. அந்தப் பாரம் சுவிவல் பின்னின் மரையில் இறங்குகிறது. அதாவது சில்லைத் திருப்பும்போதெல்லாம் ஒரு மரை பாரத்தோடு சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் கிறவல் தூசி உள்ளே போனால் மரை அரைபடும். ஒருநாள், பெரும்பாலும் ஸ்ரேறிங்கை முழுக்க வெட்டி மெதுவாகத் திருப்பும்போது, சுவிவல் பின் கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடியும். கூடவே பிறேக் ஹோஸ் அறுந்தால் பிறேக்கும் போகும். ஜக் அடித்துச் சில்லைத் தூக்கி, ரயருக்குக் கீழே ஒரு கம்பியை வைத்து நெம்பச் சொல்லிவிட்டு ரோர்ச் பிடித்துப் பாருங்கள். சுவிவல் பின், ட்ரனியனுக்குள் மேலும் கீழும் குதித்தால் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போகக்கூடாது. இடதுக்கும் வலதுக்கும் மரைத் திசை எதிரெதிர். மாறிப் பூட்ட முடியாது. சுவிவலுக்கு 4, ரை றொட்டுக்கு 2 என்று முன்னுக்கு 6 கிறீஸ் நிப்பிள். சில்லைத் தூக்கி வைத்து, கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதுக்கிறீஸ் தெரியும் வரை அடிக்கவேண்டும், 1,500 கிலோமீற்றருக்கு ஒருதரம். மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் தூரம் பார்க்காமல் அன்றைக்கே.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், செசிக்குள். கம்பளத்தைத் தூக்கினால் சின்ன மூடி தெரியும். மனிதர் கண்ணில் படாத இடமென்பதால் எண்ணெய் பார்க்கப்படுவதில்லை. கழற்றவும் முறுக்குக் கம்பி போல்ற்றை மறிக்கும். சிலிண்டர் மாற்றக் கூலி கூடக் கேட்டால் அது நியாயம். அதே இடத்துத் தகடு, பக்கப் பெட்டிச் சட்டம், பின் ஸ்பிறிங் கொழுவி மூன்றையும் ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் நின்ற வண்டிகள் உப்புக்காற்றில் கறள் பிடித்திருக்கும், பெயின்ற்றுக்கு மேல் தெரியாது.

கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றரில் விடாதீர்கள். நமது தண்ணீரின் கல்சியம் கேத்தில் அடியில் கட்டுகிற மாதிரியே 4ஆம் சிலிண்டரைச் சுற்றிக் கட்டும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து விடுங்கள்.

கம்பனி விட்டபடி வண்டியில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு. றேடியோ, போன் சார்ஜர் பூட்டுமுன் இதைப் பாருங்கள், இல்லையென்றால் புகைதான். எதிர்முனைக்கு மாற்றினால் கொயில் வயர் இரண்டையும் இடம்மாற்றி, டைனமோவின் வயர்களைக் கழற்றி, அதன் எஃப் முனையைப் பற்றரியின் நேர்முனை வயரால் ஓரிரு விநாடி தொட்டுத் துருவத்தைத் திருப்பவேண்டும்.

ட்ரவலரின் மரம் அலங்காரம் அல்ல, பின் பொடியைத் தாங்குவதே அதுதான். கம்பனி மரம் ஆஷ். வன்னியில் அது கறையானுக்குப் போய் முதிரையில் செய்திருப்பார்கள். கறையான் தொடாது, உறுதி. ஆனால் ஆஷைவிட நிறை கூட, பின் ஸ்பிறிங் தாழும். நன்றாகச் செய்த முதிரைச் சட்டத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒறிஜினல் என்று மட்டும் எழுதாதீர்கள்.

தகட்டுக்குக் கவலையில்லை. தொண்ணூறுகளில் இலங்கையின் தெற்கிலேயே மைனர் பொடித் தகடுகள் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பினார்கள். முன் மட்காட் வாங்கும்போது ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். 1963க்குப் பிந்தியதில் சைட்லைற் பெரிது, ஓட்டையும் பெரிது. பழைய லைற் அதில் நிற்காது.