முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் தள்ளலாமா? மூன்று வருடக் கொப்பி சொல்வது

ஒவ்வொரு போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறை) எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்பது பேர் கூடிப் போக்கர் விளையாடுவோம். புதுக்குடியிருப்புப் பக்கம் இதற்கென்று தனி இடம் எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு மின்குமிழ், சுற்றிவர நுளம்பு, அவ்வளவுதான். காசு வைப்பதில்லை. ஆளுக்கு இரண்டு கடதாசி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பந்தயத்துக்கு ஆளுக்கு 5000 சிப்ஸ். பிளைண்ட், அதாவது கடதாசி பார்க்க முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய சிப்ஸ், 25, 50 என்று தொடங்கி 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். மூன்று பேர் மிஞ்சியதும் ஆட்டம் முடியும். அந்த மூவருக்கும் ஒடியல் கூழ் சும்மா. மற்ற ஆறு பேரும் மீன், இறால், நண்டுச் செலவைப் பங்கிட வேண்டும். முதலில் வெளியேறுகிறவர் அடுப்படிக்குப் போய்க் கூழைத் துழாவ வேண்டும்.

நாங்கள் எல்லோரும் 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடி வளர்ந்தவர்கள். ஜாக்குக்கு 30, 9க்கு 20 என்று நித்திரையிலும் சொல்லுவோம். அதில் ஒரு ஆட்டம் பிழைத்தால் அடுத்ததில் பிடிக்கலாம். போக்கர் போட்டியில் முழுவதையும் உள்ளே தள்ளித் தோற்றால் அந்த இரவே முடிந்தது. தொடக்கத்திலேயே தள்ளுவதா, பொறுப்பதா என்ற கேள்வி அதனால்தான் என்னை விடவில்லை. மூன்று வருடமாக இப்படி முழுவதையும் தள்ளும் ஒவ்வொரு ஆல்-இன்னையும் ஒரு கொப்பியில் எழுதி, மறுநாள் போனில் உள்ள, வெல்லும் வாய்ப்பைக் கணிக்கும் ஓர் இலவசச் செயலியில் போட்டுப் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் சிப்ஸ் இல்லை, புளியங்கொட்டைதான். கொட்டையை எவரும் மதிக்கவில்லை; முதல் கையிலேயே நாலு பேர் அள்ளிக் கொட்டுவார்கள். இலவச போக்கர் செயலிகளிலும் இதே கதைதான். அங்கே பழகியதை நம்பி வந்தால் இங்கே அடி விழும். ஆசுச் சோடியே கையில் இருந்தாலும், என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத மூன்று பேருக்கு எதிரே அது வெல்லும் வாய்ப்பு 64 வீதம்தான். நல்ல சிப்ஸ் வாங்கி, கூழ் விதியையும் வைத்த பிறகுதான் ஆட்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

கொப்பியில் நான் அதிகம் திருப்பிப் பார்த்த பக்கம் முதலாம் வருடத்தது. முதல் சுற்று. என்னிடம் ராணிச் சோடி. 150க்கு ஏற்றினேன். சின்னமாமா கொஞ்ச நேரம் கடதாசியைப் பார்த்தார், பிறகு 5000ஐயும் அப்படியே முன்னுக்குத் தள்ளினார். நான் உடனே "கால்" என்று என்னுடையதையும் முழுவதுமாகப் போட்டேன். அவரிடம் ஆசும் ராசாவும். கடைசிக் கடதாசியில் ராசா விழுந்தது. "மருமோன், அடுப்பு எரியுது, போய்ப் பாரும்" என்றார்.

அன்றிரவு அதிர்ஷ்டம் கைவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆசு, ராசாவுக்கு எதிரே ராணிச் சோடி 56 வீதம் வெல்லும், நான் செய்தது சரிதானே என்று. மறுநாள் கணக்குப் போட்டபோதுதான் பிழை தெரிந்தது. அவர் திறந்து காட்டிய கையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. தள்ளிய அந்த நேரத்தில் அவரிடம் என்னென்ன இருந்திருக்கலாம் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சின்னமாமா நிதானமானவர். ஆசுச் சோடி, ராசாச் சோடி, ஆசும் ராசாவும், இந்த மூன்றுக்குத்தான் அவர் முழுவதையும் தள்ளுவார். நாலு ஆசில் இரண்டு சேரக்கூடிய விதம் 6, ராசாச் சோடிக்கும் அப்படியே 6, ஒரு ஆசும் ஒரு ராசாவும் சேர நாலு நாலாக 16. முதல் இரண்டுக்கும் எதிரே எனக்கு 18 வீதம் அளவில்தான் வாய்ப்பு. விதங்களால் பெருக்கிச் சராசரி எடுத்தால் 40 வீதம். இன்னும் 4850 போட்டு, நடுவில் குவியும் சிப்ஸை எடுக்கப் பார்ப்பது நட்டமாகாமல் இருக்க 48 வீதம் வேண்டும். நான் வெளியேறியது ராசா விழுந்ததால் என்றாலும், பிழையை அதற்கு முன்பே விட்டிருந்தேன்.

அதே கணக்கில் ஜாக் சோடியையும் 10 சோடியையும் சேர்த்துப் பாருங்கள், 52 ஆகிவிடும். எதிரில் இருப்பவர் அந்த இரண்டு சோடிகளுக்கும் தள்ளுவாரா என்ற ஒன்றில்தான் முழு முடிவும் தங்கியிருக்கிறது. அதைச் செயலி சொல்லாது. மாதாமாதம் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் வருடம் இன்னொன்று பிடிபட்டது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். எங்கள் ஆட்டத்தில் முதலாவதாக வந்தாலும் மூன்றாவதாக வந்தாலும் ஒன்றுதான். ஒன்பது பேரும் சமமாக இருக்கும்போது ஒருவர் முதல் மூவருக்குள் வரும் வாய்ப்பு 33 வீதம். தொடக்கத்திலேயே ஒருவரை வெளியேற்றிச் சிப்ஸை இரட்டிப்பாக்கினால் அது 66 ஆகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆகாது. 58தான். ஆகவே முதல் சுற்றில் முழுவதையும் வைத்து மோத, 33ஐ 58ஆல் வகுத்தால் வருகிறபடி, ஏறத்தாழ 57 வீதமாவது வெல்லும் கை வேண்டும். முதல் பரிசு மட்டும் உள்ள போட்டி என்றால் 50ஐக் கொஞ்சம் தாண்டினாலே போதும். பரிசு எப்படிப் பிரிகிறது என்று கேட்காமல் "ராணிச் சோடிக்குத் தள்ளலாமா?" என்று கேட்கிறவருக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. மறுபடியும் சிப்ஸ் எடுத்து உள்ளே வரலாம் என்ற விதி இருந்தால் கணக்கு இன்னும் இளகும்.

இங்கே கமம் செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் எறிந்தால், பிறகு வெயில் பிடித்தால் மறுபடி விதைக்க எதுவும் இருக்காது.

80 வீத வாய்ப்புள்ள கைகளாகவே பார்த்துத் தள்ளினாலும், நாலு முறையும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 41 வீதம்தான். இதைக் கொப்பியின் முன்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பயந்து ஒதுங்கியே இருந்தாலும் சரிவராது. ஒரு மணித்தியாலம் எதுவும் செய்யாமல் இருந்தால் பிளைண்ட் ஏறி 5000 சுருங்கிவிடும், பிறகு தள்ளுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

செயலியைப் பற்றிக் கொஞ்சம். இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது. சிக்னல் விட்டுவிட்டு வரும் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய உதவி. ஒரு கையை மற்றக் கையோடு ஒப்பிடுவது மூன்று வருடமாகப் பிசகவில்லை. எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் வசதியைத்தான் போன வருடம் காசு கட்டினால் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டதே அதுதான். இப்போது ஒவ்வொன்றாகப் போட்டு, விதங்களால் பெருக்கி, கையால் சராசரி எடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் அப்படிப் போட்ட கணக்கு மனதில் நிற்கிறது.

போன போயாவுக்கு மறுபடி ராணிச் சோடி வந்தது, முதல் சுற்றிலேயே. தள்ளியவன் அக்காவின் மகன். எந்தச் சோடிக்கும், எந்த ஆசுக்கும் தள்ளுகிற பிள்ளை. அவனுக்கு எதிரே ராணிச் சோடி 69 வீதம். கால் பண்ணினேன், வென்றேன். அரை மணித்தியாலம் கழித்து, சிப்ஸ் 10,000 கைவசம் இருக்க, ஜாக் சோடியோடு 300க்கு ஏற்றினேன். சின்னமாமா முழுவதையும் தள்ளினார். நான் கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன். அவர் தன் கையைக் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. கொப்பியில் அந்த வரிக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது.