வாசல் வளைவுப் பந்தல்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

தோட்டத்து நுழைவாயிலில் கொடி படர்வதற்காக வீட்டிலேயே ஒரு வளைவுப் பந்தலைச் செய்து நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய பந்தலுக்கான செய்முறைகள் பெரும்பாலும் குழாயை எப்படி வளைப்பது என்பதிலேயே நின்றுவிடுகின்றன. வளைப்பது சிறிய வேலை. மழையிலும் வெயிலிலும் கொடியின் பாரத்திலும் அது எத்தனை காலம் நிற்கும் என்பதை முடிவு செய்பவை மண்மட்டத்தை ஒட்டிய அரையடியும், அதன்மேல் ஏற்றிவிடும் கொடியின் இயல்பும்தான் என்பதே என் அனுபவம்.

இருபதடி நீளமுள்ள முக்கால் அங்குல ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்) ஒன்றிலிருந்து ஒரு வளைவை ஒட்டுப்போடாமல் எடுத்துவிடலாம். நான்கடி அகலம் வைத்தால் அரைவட்டத்திற்கு ஏறத்தாழ 6.3 அடி செலவாகும்; மீதியை இரண்டு கால்களுக்கும் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றரை அடியை மண்ணுக்குள் விட்டால் உச்சி ஏறத்தாழ 7.4 அடி உயரத்தில் நிற்கும். அதே குழாயில் ஐந்தடி அகலம் வைத்தாலும் உச்சி ஏழடிக்குக் கீழே இறங்குவதில்லை. வளைவு தொடங்கும் இடம் தாழ்ந்துவிடுவதால் பக்கங்களில் தலை இடிக்குமோ என்று தோன்றும். ஆனால் ஆறடி உயரத்தில் கிடைக்கும் அகலம், நான்கடி வளைவில் இருப்பதைவிட அப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. கொடி அடர்ந்தபின் இரு பக்கங்களிலும் அரையடி இலைக்குப் போய்விடும் என்பதால், நான்கடி வாசல் நடைமுறையில் மூன்றடி வாசலாகிவிடுகிறது. தள்ளுவண்டி நுழையும், இருவர் சேர்ந்து நடக்க முடியாது. பாதையில் இடமிருந்தால் ஐந்தடியே நல்லது. இப்படி இரண்டு வளைவுகளை இரண்டடி இடைவெளியில் நிறுத்திக் குறுக்குக் கம்பிகளால் இணைத்தால் பந்தல் தயார். குழாயில் உலர்ந்த மணலை நிரப்பி இரு முனைகளையும் அடைத்துவிட்டு வளைத்தால் மடிப்பு விழாது. விட்டதும் குழாய் கொஞ்சம் விரியும் என்பதால், எதன்மேல் வைத்து வளைக்கிறோமோ அந்த அச்சின் ஆரத்தைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும்.

இனி மண்மட்டத்திற்கு வருகிறேன். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று குறைவு; மேலே காற்று உண்டு, ஆனால் ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். இரண்டும் விடாமல் சேர்ந்திருப்பது மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டிய அந்தச் சில அங்குலங்களில்தான். கொடிக்காக அங்கேயே தண்ணீர் ஊற்றி, அங்கேயே எருவிட்டு, ஈரம் காயாதிருக்கச் சருகையும் குவித்து வைக்கிறோம். வேறெங்கும் பளபளப்புக் குறையாத குழாய் இங்கு மட்டும் அரிக்கப்பட்டு மெலிவதற்கு இதுவே காரணம். காலைக் கான்கிரீட்டில் பதித்தால் மட்டும் போதாது. கான்கிரீட்டின் மேற்பரப்பு மண்ணுக்குக் கீழே புதைந்திருந்தால் குழாயைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிலைமை இன்னும் மோசமாகும். அதை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, நாற்புறமும் சரிவாகப் பூச வேண்டும். குழாயின் அடிமுனையை அடைக்காமல் சரளைமேல் இருத்தினால், உள்ளே இறங்கும் தண்ணீர் வடிந்துவிடும்.

அரித்துப்போன காலுக்காகப் பந்தலையே பிரிக்க வேண்டியதில்லை. பந்தலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, காலை மண்மட்டத்தில் அறுத்தெடுத்து, அதே இடத்தில் 16 மி.மீ. முறுக்குக் கம்பியைக் கான்கிரீட்டில் ஊன்றி, மேலே நீட்டியிருக்கும் ஒன்றரை அடிக் கம்பிமேல் குழாயைச் செருகி ஒரு போல்ட் போட்டுப் பூட்டிவிட்டால் உயரம் குறையாது. குழாயும் ஈர மண்ணைத் தொடாது. என் பந்தலில் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துக் கால் இப்போது இப்படித்தான் நிற்கிறது, மற்ற கால்களைவிட உறுதியாகவே. புதிதாகச் செய்பவர்கள் நான்கு கால்களையும் தொடக்கத்திலேயே இம்முறையில் நிறுத்திக்கொள்ளலாம்.

துரு தேடிவரும் இரண்டாவது இடம் வெல்டிங் செய்த மூட்டு. அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதால், பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுத் திறந்த வெளியில் வெல்டிங் செய்வது அவசியம். பிறகு மூட்டுகளில் துத்தநாகம் கலந்த பிரைமரை, அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, பூச வேண்டும். ஜிஐ பைப்பின்மேல் சாதாரண எனாமல் பெயின்டை நேரடியாக அடித்தால் அது செதில் செதிலாக உரிந்துவிடும். அதற்கென உள்ள பிரைமர் இல்லையென்றால் பெயின்ட் அடிக்காமலே விடுவது மேல்.

வெறும் சட்டமாக இருக்கும்போது காற்று ஊடே போய்விடும். இலை அடர்ந்ததும் பந்தல் கப்பல் பாயாகிவிடுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், சாதாரண நாளில் அசையாத பந்தல் புயல் நாளில் சாய்வதில் வியப்பில்லை. பக்கச் சட்டங்களில் மூலைக்கு மூலையாக ஒரு கம்பியைச் சேர்த்தபின் என் பந்தலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. மழைக்காலத்திற்கு முன் கொடியைக் கழித்துவிடுவதும் அதே அளவு பயன் தருகிறது.

கொடித் தேர்வில் பலரும் பூவின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அது எதைப் பிடித்து ஏறுகிறது என்பதை. பாகல், புடலை போன்றவை தண்டிலிருந்து சுருண்டு நீளும் பற்றுக்கம்பிகளால் பிடிப்பவை. அவற்றுக்கு மெல்லிய கம்பியோ கயிறோ வேண்டும், தடித்த குழாயை அவற்றால் வளைத்துப் பிடிக்க இயலாது. சங்குப்பூவோ தண்டையே சுற்றி ஏறிக்கொள்ளும். காகிதப்பூவுக்கு இரண்டும் இல்லை; முள்ளை ஊன்றிச் சாய்ந்து ஏறும் செடியாதலால் ஒவ்வொரு கிளையையும் கட்டிவிட வேண்டும். அதை வாசல் வளைவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வருவோர் முகத்துக்கு நேராக முள்கிளை தொங்குவதை அழகு ஈடுசெய்வதில்லை. இரங்கூன் மல்லி கண்ணுக்கு விருந்துதான், வெள்ளையாக மலர்ந்து சிவப்பாக மாறும். ஆனால் தண்டு முற்றியபின் அதன் எடை மெல்லிய சட்டத்துக்குத் தாங்காது, வேரிலிருந்து புதுக்கன்றுகளும் கிளம்பிக்கொண்டே இருக்கும். காய்க்கொடி ஏற்றுவதானால் பந்தலில் கட்டும் வலையின் கண் ஆறு அங்குலமாவது இருக்கட்டும். சிறு கண்ணில் நுழைந்த பிஞ்சு அங்கேயே பருத்துச் சிக்கிக்கொள்ளும். பறிக்கக் கையும் நுழையாது.

எந்தக் கொடியும் வெயிலை நோக்கியே போகும் என்பதால், சில காலத்தில் பூவெல்லாம் உச்சியின் வெளிப்புறத்திலும், கீழே நடப்பவருக்கு வெறும் தண்டுமாக மிஞ்சும். கொடியை நேராக மேலே விடாமல் காலைச் சுற்றிச் சாய்வாக ஏற்றினால் தண்டின் கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் அதிகம் வெடிக்கின்றன. கால்களும் மொட்டையாகத் தெரிவதில்லை. கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். தேங்காய்நார்க் கயிற்றை எட்டுப்போலச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். ஓரிரு பருவங்களில் இற்றுவிடுவது குறையன்று, அதற்குள் கொடி தானே நின்றுவிடும். ஓராண்டுக் கொடிகள் முடிந்ததும் பச்சையாக இருக்கும்போதே வலையிலிருந்து இழுக்க முனைந்தால் வராது. அடியில் வெட்டிவிட்டு நன்றாகக் காயவிட்டால் நொறுங்கி உதிரும். பந்தல் வெறுமையாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் மூட்டுகளையும் அடிக்கால்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்து, துரு தெரிந்த இடங்களில் மீண்டும் பிரைமர் பூசி வருகிறேன்.